ஓய்வு வயதும் இளைஞர் வேலையும்

(டிராம்பேயில் அலுவலர்கள், மாணவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூத்தோர் விலகாததால் இளையோர்க்கு வேலையில்லை என்பது நெடுநாளையப் புகார். பொருளாதார நூல்கள் இதனை எளிதில் ஏற்பதில்லை. நாட்டிலுள்ள வேலையின் அளவு மாறாத ஒன்றன்று. மூத்தவர் பெறும் ஊதியமும் செலவாகிப் புது வேலைகளைத் தோற்றுவிக்கும் என்பது அவற்றின் வாதம். ஆனால் அரசு அலுவலகத்தில் பணியிடங்களின் எண்ணிக்கை ஆணையால் வரையறுக்கப்பட்டது. அங்கே ஒருவர் எழுந்தால்தான் மற்றொருவர் அமர முடியும்.

மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1962இல் 55இலிருந்து 58ஆகவும், 1998 மே திங்களில் 60ஆகவும் உயர்ந்தது. இரண்டாம் உயர்வால், ஓய்வினால் ஏற்படும் காலியிடங்கள் ஏறத்தாழ ஈராண்டுக்கு இல்லாமற்போயின. அத்துடன் நின்றிருந்தால் இழப்பு தற்காலிகமே. 2001 மே திங்களில் வந்த ஆணையோ, நேரடி நியமனத்தைக் காலியிடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குள், அதுவும் மொத்தப் பணியிடங்களில் 1 விழுக்காட்டுக்கு மிகாமல் அடக்கியது. அது 2009 வரை நீடித்தது. 1998இல் பட்டம் பெற்ற இளைஞர் அதற்குள் பல பணிகளுக்குரிய வயது வரம்பைக் கடந்திருப்பார். மூத்தவரைக் குறைகூறுவோர் இவ்வாணையை மறந்துவிடுகின்றனர்.

இவ்வூர் அணு ஆராய்ச்சி மையத்தில் அறிவியலாளரின் பதவி உயர்வு, காலியிடத்தை எதிர்பாராது தகுதியைக் கொண்டே அமைகிறது. மேலுள்ளவர் ஓய்வுபெறாவிடினும் கீழுள்ளவர் உயரலாம். அதே வளாகத்து எழுத்தருக்கு அந்த வாய்ப்பில்லை. மனக்கசப்பு எங்கே மிகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எனினும் அனுபவத்தின் மதிப்பைக் குறைத்துக் கூறலாகாது. சைரஸ் அணு உலை 1960இல் இயங்கத் தொடங்கியது. 1997இல் புதுப்பிப்பதற்காக நிறுத்தப்பட்டது. தொடக்கத்தில் 25 வயதினராக அதில் பணியாற்றியவர் அப்போது 62 வயதை எட்டியிருப்பார்! மீண்டும் இயங்கிய அவ்வுலை 2010 இறுதியில் மூடப்பட்டது. இத்தகைய நீண்ட ஆயுளுடைய இயந்திரங்களைப் பற்றிய அறிவு முழுவதும் வரைபடங்களில் இருப்பதில்லை.

ஓய்வுபெற்ற அறிவியலாளர், பணியிடம் எதனையும் அடைத்துக்கொள்ளாமல் தொண்டாற்ற இராஜா ராமண்ணா ஆய்வுதவி வழிசெய்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் வால்வின் ஓசையைக் கேட்டே அதன் பழுதை அறியும் தொழில்நுட்பருக்கும் கற்பிக்க ஏதோ உண்டன்றோ? அவர் ஓய்வுபெறுவதற்கு ஓராண்டு முன்னரே, அவருக்குப் பின் வருபவரை நியமித்து உடன் பணியாற்றச் செய்ய நிதித்துறை இசைய வேண்டும். இதற்கு ஓராண்டுக்கு ஓர் ஊதியம் கூடுதலாகும். மூத்தவரின் பணிக்காலத்தை ஈராண்டு நீட்டிப்பதைவிட இது சிக்கனமானது என்றே கருதுகிறேன்.