மடி நிறையுமுன் மறைந்த மழலைகள்

(பாகான் டாலாம் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குறைமாதத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகள் இரண்டையும் பறிகொடுத்த தாயிடம் நாம் என்ன சொல்கிறோம்? "வயது இருக்கிறது, அடுத்த பிள்ளை பிறக்கும்" என்கிறோம். வெளியே வந்ததும், "மாடிப்படி ஏறினாளாம், கிரகணத்தில் நடந்தாளாம்" என்று குற்றம் காண்கிறோம்.

அவள்மீது குற்றமில்லை. 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைப்பிரசவம். இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் அப்படித்தான் பிறக்கின்றனர். கருப்பை மிகையாக விரிவது, இரத்தக் கொதிப்பு, கிருமித் தொற்று எனக் காரணங்கள் பல. சில வேளை மருத்துவருக்கே காரணம் புலப்படுவதில்லை.

1963 ஆகஸ்டு 7ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகவே பாட்ரிக் என்ற மகன் பிறந்தான். நுரையீரல் முதிராததால் 39 மணி நேரமே வாழ்ந்தான். அன்று பதவியும் செல்வமும் அவனைக் காக்கவில்லை. இன்று தாய்க்கு உரிய வேளையில் போடும் ஸ்டீராய்டு ஊசியும், குழந்தையின் நுரையீரலுக்குள் செலுத்தும் சர்பாக்டன்ட் மருந்தும் பல உயிர்களைக் காக்கின்றன. ஆகவே, சுகாதாரக் கிளினிக்கில் கர்ப்பிணிக்கு மஞ்சள், சிவப்பு வண்ணக் குறி இட்டால் அலட்சியம் வேண்டாம். வயிறு அடிக்கடி இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அப்படியும் சில பிஞ்சுகள் தங்குவதில்லை. சிசுவை எரிக்காமல் அடக்கம் செய்வது நம் வழக்கம். பெரியவர்களுக்குரிய கருமாதிச் சடங்குகள் இல்லை. பெற்றவளுக்குக் காட்டாமலே காரியத்தை முடித்துவிடும் வீடுகளும் உண்டு. சடங்கு சுருக்கம் என்பதால் துக்கமும் சுருக்கம் என்று ஆகிவிடாது. சில நாளில் அவளுக்குப் பால் கட்டும். குடிக்கப் பிள்ளை இல்லை. அந்த வேதனையை யாரிடம் சொல்வாள்?

அன்பர்களே, அவள் விரும்பினால் குழந்தைகளைப் பார்க்கவும் ஏந்தவும் விடுங்கள். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். தந்தைக்கும் ஆறுதல் தேவை. மனைவி மருத்துவமனைக் கட்டிலில் இருக்க, அடக்கத்துக்கு அலைபவர் அவரே. வாகனத்துக்கும் அடக்கச் செலவுக்கும் கைகொடுங்கள். ஒரு மாதம் கழித்தும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அன்னதானம் போல் இதுவும் அறமே.

எல்லாம் வல்ல இறைவன் அத்தாய்மார்களுக்கு மன அமைதி அருள்வானாக.