பொறிவினைஞன்: விளையாட்டும் சொல்லாக்கமும்



சுங்கைப்பட்டாணி மாணவர் சிலர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுவதைக் கண்டேன். 1974-இல் தோன்றிய அம்மேசை விளையாட்டில், மந்திரப் பொருள் செய்யும் 'ஆர்ட்டிஃபைசர்' என்னும் பாத்திரம் உண்டு. 2019-இல் வெளிவந்த எபரான் நூலின்படி, இரண்டாம் படிநிலையில் அவன் நான்கு வித்தைகள் அறிவான். ஒரே வேளையில் இரு பொருள்களிலேயே அவற்றை ஏற்றலாம். ஆகவே அறிவுத்திறனை உயர்த்துவதும், தோழர்க்கு வேண்டுவதைத் தேர்வதும் இப்பாத்திரப் படைப்பின் அடிப்படை.

"இவனுக்குத் தமிழ்ப்பெயர் உண்டா, ஐயா?" என்றார் ஒரு மாணவி.

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி செய்விக்கிறான். பெருங்கதையில் உதயணனைச் சிறைப்படுத்துவது யானைப்பொறி. பொறி என்பது இயந்திரம். தீப்பொறியும் அதுவே, முத்திரையும் அதுவே. எனவே 'பொறிவினைஞன்' என்றேன்.

அம்மாணவி அத்துடன் நிற்கவில்லை. கூரேற்றிய கத்தியைப் 'பால்வெட்டு உளி' என்றார். பலவகை நீர்மம் சுரக்கும் மந்திரச் சாடியைப் 'பால்வாளி' என்றார். இரண்டும் அவர் பாட்டி தோட்டத்தில் கையாண்டவை. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டபோது வழக்கிழந்த சொற்கள், ஆட்டமேசையில் மீண்டும் வேலை பெற்றன.

தேர்வுத்தாளில் மட்டும் வாழும் மொழி தேயும். ஆசிரியர்களே, மாணவர் விளையாடும் இடத்திற்கும் தமிழை அழைத்துச் செல்லுங்கள்.