கடலடித் தந்தியும் புறப்படாத படகும்

(நம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அயர்லாந்து போய் வந்தீர்களே, நாலு வார்த்தை பேசுங்கள்" என்று நம் செயலாளர் ரொம்ப நாளாகக் கேட்டுக் கொண்டிருந்தார். நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு 1972-ல் தபால் தந்தி இலாகாவில் சேர்ந்தவன். நாக்பூர், ஜபல்பூர், ராய்ப்பூர் என்று சுற்றி, 38 வருஷ சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றேன். 2013 ஜூலையில் நம் தேசத்தில் தந்தி சேவையை நிறுத்தினார்களே, அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெருங்கிய உறவு ஒன்று போனது போல இருந்தது.

எங்கள் பெண் அயர்லாந்தின் கார்க் நகரில் வேலை பார்க்கிறாள். 2023 ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். (ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது. அதற்குத் தனி விசா வேண்டும். போக நினைப்பவர்கள் கவனத்தில் வைத்துக் கொள்ளவும்.) "மாமா, எங்கே போகலாம் சொல்லுங்கள்" என்றார் மாப்பிள்ளை. யோசிக்காமல் "வாலென்ஷியா" என்றேன். அவர் ஸ்பெயினுக்கு விமான டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் சொன்னது அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்தில் இருக்கும் வாலென்ஷியா என்ற சின்னத் தீவு. அந்தப் பெயரை நான் காலேஜ் நாளிலிருந்து மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

அயர்லாந்தின் படத்தைப் பார்த்தால், அந்த மூலை மட்டும் விரல்களை விரித்து அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீட்டிய கை போல இருக்கும். சுமார் 30 கோடி வருஷங்களுக்கு முன் பூமியின் அழுத்தத்தில் அங்கே பாறை அடுக்குகள் மடிந்தன. கடினமான செம்மணற்கல் மேடாக நின்றது. பள்ளங்களில் இருந்த சுண்ணாம்புக்கல் சீக்கிரம் கரைந்து போயிற்று. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்தது. மேடுகள் விரல்களாக நீட்டிக் கொண்டு நின்றன. ஆகவே எதிரே பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் தெரிகிற ஊருக்குப் போக, விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு காரில் இரண்டு மணி நேரம் ஆகும். ரயில் அந்த முனைகளுக்கெல்லாம் போவதில்லை. காரும் காலும்தான் கதி.

நம் ஊர் போலவே அங்கும் இடது பக்கம் ஓட்டுகிறார்கள். ஆனால் ரோடு ஒற்றையடிப் பாதைக்கு அண்ணன். ஒரு பக்கம் கருங்கல் சுவர், மறு பக்கம் கிடுகிடு பள்ளம், அதற்குக் கீழே சமுத்திரம். வேகப் பலகையில் 80 என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை 30-ஐத் தாண்டவில்லை. பின் சீட்டில் என் மனைவி விஷ்ணு சகஸ்ரநாமத்தை இரண்டு தடவை முடித்துவிட்டாள்.

கஹர்ஸிவீன் என்ற ஊரைத் தாண்டி, கார்களை ஏற்றிச் செல்லும் படகில் ஐந்தே நிமிஷத்தில் வாலென்ஷியா போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது போர்ட்மகீ என்ற இடத்தில் பாலம் இருக்கிறது. தீவின் வடகரையில், தடியை ஊன்றிக்கொண்டு ஒரு சரிவில் மெதுவாக இறங்கினேன். பாறையில் சின்னச் சின்னக் குழிகள், இரண்டு வரிசையாக. 1993-ல் ஒரு ஸ்விஸ் மாணவர் கண்டுபிடித்தது. 35 கோடி வருஷங்களுக்கும் முன், நாலு காலுள்ள ஒரு பிராணி ஈர மண்ணில் நடந்து போன தடம் அது. உலகிலேயே மிகப் பழைய காலடிகளில் ஒன்று. மச்சாவதாரத்துக்கும் கூர்மாவதாரத்துக்கும் நடுவே என்று மாமிக்கு விளக்கினேன்.

அடுத்த நாள் தீவின் மேற்குக் கோடியிலுள்ள பிரே ஹெட் முனைக்கு ஏறினோம். சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடுவார்களாம். என் முழங்காலுக்கு ஒன்றே முக்கால் மணி ஆயிற்று. உச்சியில் பழைய காவல் கோபுரம். எதிரே கடலில் கூர்மையான இரண்டு பாறைத் தீவுகள். அதில் பெரியது ஸ்கெல்லிக் மைக்கேல். கிறிஸ்தவத் துறவிகள் பல நூற்றாண்டுகள் அதன் உச்சியில் கல் குடிசைகளில் தபஸ் செய்திருக்கிறார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள். சுண்ணாம்பு, காரை எதுவும் இல்லாமல் கல்லை அடுக்கியே கட்டியது. 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

நான் வந்தது அதற்கெல்லாம் இல்லை. அந்த மலைக்கு அருகேதான், ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பி கரையேறிய இடம் இருக்கிறது.

1858-ல் முதல் கம்பி. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு 98 வார்த்தையில் வாழ்த்து அனுப்பினார். அது போய்ச் சேரப் பதினாறு மணி நேரம்! நீளமான கடல் கம்பி ஒரு பெரிய மின்தேக்கி மாதிரி. அனுப்புகிற துடிப்பை உறிஞ்சிக்கொண்டு மெல்லத்தான் விடும். நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்ஸன் கணக்குப் போட்டுச் சொன்னார். பின்னாளில் லார்ட் கெல்வின் ஆனவர் இவர்தான். கம்பெனியின் மின் நிபுணர் வைட்ஹவுஸ் அதை ஏற்காமல், சுமார் 2,000 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். மூன்று வாரத்தில் கம்பி செத்துப் போயிற்று.

1865-ல் போட்ட கம்பி நடுக்கடலில் அறுந்தது. 1866-ல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற மாபெரும் கப்பல் ஜூலை 13 அன்று வாலென்ஷியாவை விட்டுக் கிளம்பி, ஜூலை 27 அன்று நியூஃபவுண்ட்லாந்தில் ஹார்ட்ஸ் கன்டென்ட் என்ற சிற்றூரில் கம்பியைக் கரையேற்றியது. அதோடு விடவில்லை. திரும்பி வந்து, முந்தின வருஷம் அறுந்த கம்பியை 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து கொக்கி போட்டு எடுத்து, ஒட்டி, அதையும் உயிர்ப்பித்தார்கள். கப்பலில் செய்தி போகப் பத்து நாளுக்கு மேல் ஆன காலம் அன்றோடு முடிந்தது. வாலென்ஷியாவின் தந்தி நிலையம் 1966 வரை, சரியாக நூறு வருஷம் இயங்கியது. அந்தப் புல்வெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன். பெண் சிரித்தாள். எனக்கு அது க்ஷேத்திரம்.

அங்கிருந்து வடக்கே அடுத்த விரலான டிங்கிள் தீபகற்பத்துக்குப் போனோம். ஸ்லே ஹெட் முனையைச் சுற்றும் ரோடு இன்னும் குறுகல். டூரிஸ்ட் பஸ்கள் கடிகார முள் சுற்றும் திசையில்தான் போகும். நாமும் அப்படியே போவது உத்தமம். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஓரிடத்தில் ஓடையே ரோட்டின் மேல் குறுக்காக ஓடுகிறது. அந்தப் பக்கம் ஐரிஷ் மொழி பேசும் பகுதி. ஊர்ப் பலகைகளும் அந்த மொழியில்தான்.

முனையைத் திரும்பியதும் எதிரே ஒரு தீவு தெரிந்தது. முதுகை வளைத்துப் படுத்த திமிங்கிலம் போல. கிரேட் பிளாஸ்கட். கரையின் முனையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர்தான். பாழடைந்த வீடுகளின் சுவர்கள் கண்ணுக்கே தெரிந்தன. மறுநாள் அங்கே போக டன்குவின் படகுத்துறையில் டிக்கெட் வாங்கியிருந்தோம். வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையின் தலைப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். "இன்று படகு இல்லை, அலை அதிகம்." எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்ல வெயில், ஜூன் மாதம், கடல் நீலமாக இருந்தது. கீழே பார்த்த பிறகுதான் புரிந்தது. துறையின் கல்மேடு ஒரு கணம் தெரியும், மறுகணம் தண்ணீருக்குள் போய்விடும். 1588-ல் ஸ்பானிய ஆர்மடாக் கப்பல் ஒன்று அந்தச் சின்ன ஜலசந்தியில்தான் மூழ்கியது.

படகு இல்லாததால் கரையிலிருக்கும் பிளாஸ்கட் காட்சியகத்தில் நாள் முழுக்க இருந்தோம். 1916 வாக்கில் அந்தத் தீவில் 176 பேர் இருந்தார்கள். மீன்பிடிப்பும் கொஞ்சம் பயிரும் பிழைப்பு. தாமஸ் ஓ கிரிஹன், பெக் ஸேயர்ஸ் என்று புகழ்பெற்ற நூல்களைத் தந்தவர்கள் அந்தச் சின்ன இடத்தில் வாழ்ந்தார்கள். ஆனால் இளைஞர்கள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குப் போனார்கள். மாஸசூஸெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் அவர்கள் நிறையப் பேர். ஒருவர் போய் அடுத்தவருக்குக் கப்பல் கட்டணம் அனுப்புவார். நமக்குப் புரியாத கதை இல்லை.

1947 புத்தாண்டை ஒட்டிய நாட்களில் தீவில் ஓர் இளைஞருக்கு மூளைக்காய்ச்சல். தீவில் ரேடியோ டெலிபோன் ஒன்று இருந்தது. புயலில் அது வேலை செய்யவில்லை. டாக்டர் வர முடியவில்லை. பையன் இறந்துவிட்டான். அதே வருஷம் ஏப்ரலில், புயலில் சிக்கி உணவில்லாமல் தவிக்கிறோம் என்று பிரதமர் டி வலேராவுக்குத் தீவிலிருந்து ஒரு தந்தி போயிற்று. அவரே நேரில் வந்து பார்த்தார். ஆனால் படகு வலிக்கக் கைகள் இல்லாத ஊரை யார் என்ன செய்ய முடியும்? கடைசியில் 22 பேர் மிச்சம். 1953 நவம்பர் 17 அன்று அவர்களைக் கரைக்கு அழைத்து வரத் தொடங்கினார்கள்.

வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தேன். தெற்கே விரிகுடாவுக்கு அப்பால் வாலென்ஷியா தெரிந்தது. அங்கிருந்து 1866-லேயே வார்த்தை சமுத்திரத்தைத் தாண்டிவிட்டது. எண்பது வருஷம் கழித்து, இங்கே 2 கிலோமீட்டர் தண்ணீரை ஒரு டாக்டரால் தாண்ட முடியவில்லை. என் கைப்பேசியில் சிக்னல் முழுசாக இருந்தது. அங்கிருந்தபடியே நாக்பூருக்கு முகம் பார்த்துப் பேசியிருக்கலாம். எதிரே இருக்கும் தீவுக்குப் போக முடியாது.

எனக்கு அப்போது அண்ணா ஞாபகம் வந்தது. இதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன். மன்னி காலமான பின் அண்ணா ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். ஒரு நாள் தவறாமல் கூப்பிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2018-ல் ஒரு ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்தார். போன் கூடத்தில் இருந்தது. பெரியவன் அமெரிக்காவிலிருந்து பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறான். பிறகு எனக்கு. எனக்கு நாக்பூரிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு ராத்திரிப் பிரயாணம். பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை. சாவி யாரிடமும் இல்லை. காலையில் கதவை உடைத்தார்கள். இரண்டு மாதம் இருந்தார், பிறகு போய்விட்டார். 38 வருஷம் சேதி சேர்ப்பதையே தொழிலாகச் செய்தவன் நான். அண்ணாவின் எதிர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அதனால்தான் இந்தப் பிரயாணத்தைப் பற்றிப் பேச இத்தனை நாள் வாய் வரவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். எங்கள் கட்டடத்தில் 14 வீடுகள். ஆறில் பெரியவர்கள் மட்டும்தான். ஒவ்வொரு வீட்டின் மாற்றுச் சாவியும் இன்னொரு வீட்டில் இருக்கிறது. பிள்ளைகளிடம் அந்த இன்னொரு வீட்டின் நம்பர் இருக்கிறது. செலவு, சாவி ஒன்றுக்கு எண்பது ரூபாய். பல ஊர்களில் தனியாக இருக்கும் நம் அங்கத்தினர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

எங்கள் சாவி எதிர் வீட்டு மராட்டிப் பையனிடம். எட்டு மணிக்குள் நாங்கள் பால் பாக்கெட்டை எடுக்கவில்லை என்றால் மணி அடிப்பான். போன மாதம் நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது, "காகா, பால்" என்று தலைமாட்டில் நிற்கிறான். கோபம் வந்தது. பிறகு காபி போட்டுக் கொடுத்தேன்.