கேட்டதைச் சொல்லுமுன்



'காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான்' என்னும் கதையை அறியாதவர்கள் நம்மில் மிகச் சிலரே இருப்பார்கள். ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான். அதைப் பார்த்தவன், 'காக்கை நிறத்தில் வாந்தி எடுத்தான்' என்று அடுத்தவனிடம் சொன்னான். அடுத்தவன், 'காக்கையையே வாந்தி எடுத்தானாம்' என்றான். செய்தி ஊர்க்கோடியை எட்டியபோது, அவன் வாயிலிருந்து காக்கை காக்கையாகப் பறந்து போனதாக முடிந்தது. இது சிரிப்பதற்காகச் சொன்ன கதை. ஆனால், இப்படி வாய் மாறி, கை மாறிப் போன ஒரு பேச்சு மனித உயிரையே குடித்ததும் உண்டு. பொய்ச் செய்தி எப்படிப் பரவுகிறது, அதை நாம் ஏன் நம்புகிறோம், ஏன் பிறருக்கும் அனுப்புகிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

2018ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் நடந்த நிகழ்ச்சி இது. அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார், தம் உறவினர்களோடு காரில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கத்திலுள்ள குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டார். அவருடன் சென்ற உறவினருள் மலேசியாவிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். போகும் வழியில் ஒரு கிராமத்தில் கண்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளைகளைக் கண்டால் கையில் ஏதாவது கொடுப்பது நம்மவர் வழக்கம்தானே! ஆனால் அந்த வட்டாரத்தில் சில நாட்களாகவே, 'பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது' என்ற செய்தி கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. மிட்டாய் கொடுத்த அம்மையாரைப் பிள்ளை பிடிப்பவர் என்று மக்கள் எண்ணிவிட்டார்கள். செய்தி அடுத்த ஊருக்குப் பறந்தது. கூட்டம் திரண்டது. அம்மையார் அடித்தே கொல்லப்பட்டார். உடன் சென்றவர்கள் படுகாயமடைந்தார்கள். பின்னர்ப் பலர் கைது செய்யப்பட்டார்கள். ஆனால் போன உயிர் திரும்பவில்லை.

அதே ஆண்டு ஜூலை முதல் நாள், மகாராஷ்டிர மாநிலத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே சந்தேகத்தினால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அக்காலத்தில் இந்தியாவில் பல இடங்களில் சுற்றிய ஒரு படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்ப்பவர் நெஞ்சு பதறும். உண்மையில் அது பாகிஸ்தானிலுள்ள கராச்சி நகரில், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதற்காக நடித்து எடுத்த படம். பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் காட்சியும் அதில் இருந்தது. யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். எச்சரிக்கை செய்ய எடுத்த படம் கொலைக்குத் தூண்டுகோலாயிற்று.

நேயர்களே, இந்தச் செய்தியை அனுப்பியவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? இல்லை. பெரும்பாலோர் பிள்ளைகளைப் பெற்றவர்கள். 'நம் அக்காள் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது' என்ற அன்பினால்தான் அனுப்பியிருப்பார்கள். நாம் கவனிக்க வேண்டிய முதல் உண்மை இதுதான். பொய்ச் செய்தி நம் கெட்ட குணத்தின் மேல் மட்டும் ஏறி வருவதில்லை. நம் அன்பின் மேலும், அச்சத்தின் மேலும் ஏறி வருகிறது.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர்களான கோர்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் ஆகிய இருவரும் 1947ஆம் ஆண்டில் வதந்தியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். வதந்தி பிறக்க இரண்டு பொருள்கள் வேண்டும் என்றார்கள் அவர்கள். ஒன்று, விஷயம் நமக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும். மற்றொன்று, உண்மை நிலை தெளிவில்லாமல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வதந்தி நிற்காது. தோட்டத்தை விற்கப் போகிறார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போகிறார்கள் என்ற பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். நம் வாழ்வே அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் விவரம் சொல்வார் யாருமில்லை. அங்கேதான் வதந்தி முளைக்கிறது.

அவ்விரு அறிஞர்களும் ஒரு சோதனையும் செய்தார்கள். ஒருவருக்கு ஒரு படத்தைக் காட்டி, கண்டதை அடுத்தவருக்குச் சொல்லச் சொன்னார்கள். அவர் கேட்டதை அதற்கடுத்தவருக்குச் சொன்னார். இப்படி ஐந்தாறு பேரைத் தாண்டியபோது, விவரங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு உதிர்ந்து போயிற்று. அவர்கள் காட்டிய படங்களுள் ஒன்றில், ரயிலில் வெள்ளையர் ஒருவர் கையில் சவரக் கத்தி இருந்தது. எதிரே நின்ற கறுப்பர் வெறுங்கையோடு இருந்தார். ஆனால் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், சொல்லிச் சொல்லிப் போகும்போது எங்கோ ஓரிடத்தில் கத்தி கறுப்பரின் கைக்கு மாறிவிட்டது! பார்த்தீர்களா? மனம் மறந்ததைத் தன் பழைய எண்ணத்தைக் கொண்டு நிரப்புகிறது. யார்மீது ஏற்கெனவே சந்தேகம் உண்டோ, பழி அவர் தலையில் விழுகிறது. அயலூரார், வேற்று மொழி பேசுபவர், வேறு நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் ஆகியோர் மீது பழி எளிதில் விழுவதற்குக் காரணம் இதுதான். இந்த மண்ணில் நம் பாட்டன் பூட்டன்மாரும் ஒரு காலத்தில் அயலார்தாம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்து, திரும்பத் திரும்பக் கேட்பதன் வலிமை. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் சில வாசகங்களைக் கொடுத்து, 'இது மெய்யாக இருக்குமா?' என்று கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும், பின்னும் இரண்டு வாரம் கழித்து மீண்டும் கேட்டார்கள். முன்பு பார்த்த வாசகங்களை மாணவர்கள் வரவர அதிகமாக நம்பினார்கள். அவை பொய்யாக இருந்தாலும் அப்படியே! பழகிய முகம் நல்லவராகத் தோன்றுவதுபோல, பழகிய சொல்லும் மெய்யாகத் தோன்றுகிறது. காலையில் சித்தப்பா ஒரு செய்தி அனுப்புகிறார். பகலில் அதையே கோயில் குழுவில் காண்கிறோம். மாலையில் பழைய பள்ளித் தோழி அனுப்புகிறார். 'மூன்று பேர் சொல்லிவிட்டார்களே!' என்கிறது மனம். மூவருக்கும் வந்தது ஒரே ஊற்றிலிருந்துதான் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

முன்காலத்திலும் தோட்டங்களில் வதந்தி இல்லாமல் இல்லை. 'ஆற்றுக்குப் பாலம் கட்டுகிறார்களாம். காவு கொடுக்கத் தலை எடுக்கிறார்களாம்' என்ற பேச்சு கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவடைத்த காலம் உண்டு. ஆனால் அந்தப் பேச்சு பெரட்டுக் களத்திலிருந்து குழாயடிக்கும், குழாயடியிலிருந்து ஆயாக் கொட்டகைக்கும் நடந்துதான் போயிற்று. சொல்பவர் முகத்தை நாம் பார்த்தோம். 'இவர் ஒன்றைப் பத்தாக்குபவர்' என்பதும் நமக்குத் தெரியும். இன்று முகம் தெரியாத ஒருவர் கட்டியது, நம் சொந்த அத்தையின் பெயரைத் தாங்கி நம் கைக்கு வருகிறது. எழுதியவர் யாரென்று நாம் பார்ப்பதில்லை. அனுப்பியவர் அத்தை, ஆகவே நம்புகிறோம்.

இதன் வேகம் எவ்வளவு என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தார்கள். டுவிட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மெய்ச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபடி அனுப்பப்படும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபது பங்கு அதிகமாக இருந்தது. 1,500 பேரைச் சென்றடைய மெய்க்கு ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இயந்திரங்கள் தாமாக அனுப்பியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்களே. பொய்ச் செய்தியில் புதுமை இருந்தது. படித்தவர்களுக்கு வியப்பும் அருவருப்பும் உண்டாயின. மெய் பெரும்பாலும் அன்றாடச் சோறு போன்றது. பொய்யிலோ காரமும் மசாலாவும் தூக்கலாக இருக்கும்.

பேச்சு மட்டுமா பரவுகிறது? செயலும் பரவுகிறது. 1969ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத் தெருவொன்றில், ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஆள் ஒருவரை நிறுத்தி, ஒரு கட்டடத்தின் மேல்மாடிச் சன்னலை அண்ணாந்து பார்க்கச் செய்தார்கள். வழிப்போக்கரில் நூற்றுக்கு நால்வர் மட்டுமே நின்று தாமும் பார்த்தார்கள். பதினைந்து பேரை நிறுத்தியபோது நூற்றுக்கு நாற்பது பேர் நின்றுவிட்டார்கள். மேலே பார்க்க ஒன்றுமே இல்லை!

இதை நாமே கண்டிருக்கிறோம். 2020 பிப்ரவரி 7ஆம் நாள், சிங்கப்பூரில் கோவிட் எச்சரிக்கை நிலையை உயர்த்தியதும், அரிசியும் மீயும் கழிப்பறைத் தாளும் வாங்க மக்கள் கடைகளை மொய்த்தார்கள். மார்ச் 16ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டபோதும் அப்படியே. காலியான தட்டுகளின் படம் ஒரு கைத்தொலைபேசியிலிருந்து மறு கைத்தொலைபேசிக்குப் பாய்ந்தது. படத்தைப் பார்த்தவர்கள் கடைக்கு ஓடினார்கள். ஓடியதால் மேலும் தட்டுகள் காலியாயின. பஞ்சம் வரும் என்ற பயமே கடைக்குப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. இதில் அடிபட்டவர் யார்? கையில் காசுள்ளவர் மூட்டை மூட்டையாக வாங்கிவிட்டார். சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டிய குடும்பம்தான் வெறுங்கையோடு திரும்பியது.

அப்படியானால் இதற்கு விடிவே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அதையும் ஆராய்ச்சியே காட்டுகிறது.

சாலமன் ஆஷ் என்னும் அறிஞர் 1950களில் ஒரு சோதனை செய்தார். ஒரே நீளமுள்ள கோடு எது என்று ஓர் அறையில் பலரைக் கேட்டார். ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் அவருடைய ஆட்கள். வேண்டுமென்றே தவறாகச் சொன்னார்கள். கண்ணுக்கு நேராக விடை தெரிந்தும், நால்வரில் மூவர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லத் தொடங்கியதும், தவறு கால் பங்காகக் குறைந்துவிட்டது. ஒரு குரல் போதும், நேயர்களே!

2021ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான ஏட்டில் வந்த ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கிறது. டுவிட்டரில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம், ஒரு செய்தித் தலைப்பைக் காட்டி, 'இது மெய்யா?' என்று மட்டும் கேட்டார்கள். அதன் பிறகு அவர்கள் பிறருக்கு அனுப்பிய செய்திகளின் தரம் உயர்ந்தது. மக்களுக்கு உண்மையின் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. அனுப்பும் அந்த ஒரு கணத்தில் அதை நினைப்பதில்லை, அவ்வளவுதான். வாட்ஸ்அப் நிறுவனமும் 2019ஆம் ஆண்டில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகெங்கும் வரம்பு வைத்தது. பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020இல் மேலும் இறுக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் ஓட்டம் நூற்றுக்கு எழுபது பங்கு குறைந்தது என்று அந்நிறுவனமே அறிவித்தது. சற்றே தடுத்தால் பொய்க்கு மூச்சு வாங்குகிறது.

ஆகவே, ஒரு செய்தி நம்மைப் பதற வைத்தால், அந்தப் பதற்றத்தையே சிவப்பு விளக்காக எண்ணி நிற்போம். மூன்று கேள்விகளைக் கேட்போம். இதை நேரில் கண்டவர் யார்? எந்த ஊரில், எந்த நாளில் நடந்தது? வானொலியிலோ நாளிதழிலோ வந்ததா? செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து கைக்குக் குறையாமல் மாறி வந்தது என்று பொருள். மலேசிய அரசு 2017ஆம் ஆண்டில் 'செபெனார்ஞா' என்னும் இணையத் தளத்தைத் தொடங்கியது, இத்தகைய செய்திகளைச் சரிபார்ப்பதற்காகத்தான். நமக்குப் பார்க்கத் தெரியாவிட்டால், படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்வோம். மெய்யாகவே சந்தேகத்திற்குரிய ஒருவரைக் கண்டால் 999க்கு அழைத்துப் போலீசாரிடம் சொல்வோம். நாமாகக் கை நீட்டுவது நம் வேலையன்று.

குழுவில் தவறான செய்தியை அனுப்பியவர் மாமாவாகவோ பெரியம்மாவாகவோ இருந்தால் என்ன செய்வது? எல்லார் முன்னிலையிலும், 'இது பொய்' என்று வெட்டினால் அவர் முகம் சுருங்கும். மேலும் பிடிவாதம் பிடிப்பார். தனியே அழைத்து, 'பெரியம்மா, நீங்க நல்லதுக்குத்தான் அனுப்பினீங்க. ஆனா இது எங்க நடந்ததுன்னு தேடிப் பார்த்தேன், அப்படி ஒண்ணும் இல்லையாம். நீங்களே குழுவுல ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்' என்று பணிவாகச் சொல்லலாம். அவர் வாயால் வரும் திருத்தத்தை எல்லாரும் ஏற்பார்கள். பெரியவர் மரியாதையும் கெடாது, உண்மையும் நிலைக்கும்.

தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் பழமொழியாகச் சொல்லிவைத்தார்கள். அவர்கள் காலத்தில் ஒருவர் வாய் ஒரு லயத்தை எட்டியது. இன்று நம் ஒரு விரல் ஓர் ஊரையே எட்டுகிறது. போளூர்ப் பக்கம் திரண்ட கூட்டத்தில், 'பொறுங்கள். இந்த அம்மாள் யாரென்று முதலில் கேட்போம்' என்ற ஒரு குரல் ஓங்கி எழுந்திருந்தால், அவர் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். அந்தக் குரல் நம் வீட்டில், நம் குழுவில், நம்முடையதாகவே இருக்கட்டும்.