துண்டு விலகினால் போதுமா?

(உழவர்கள் தம் மிகுவிளைச்சலை விற்று மாற்றிக்கொள்வதற்கான வலைத்தளம் அமைத்தல் குறித்து ஆற்றப்பெற்ற உரை)

 

மாட்டுச் சந்தைக்குப் போய்வந்தவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். தரகனும் வாங்குவோனும் கைகோத்து நிற்பர். கைகளின்மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் விரல்கள் விலை பேசும். மாட்டுக்கு உரியவன் இரண்டடி தள்ளி நின்று, அவர்தம் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். தன் மாட்டுக்கு என்ன விலை பேசப்பெறுகின்றது என்பது ஊரில் வேறு யாருக்குத் தெரிந்தாலும் அவனுக்குத் தெரியாது.

உழவன் விளைவித்ததை விற்கும் கதை முழுவதும் இந்தத் துண்டை விலக்குவதற்காக நடந்த போராட்டமே எனலாம். இந்திய வேளாண்மை பற்றி ஆய்ந்த அரச ஆணையம் 1928 இல் தன் அறிக்கையைத் தந்தபோது, ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னை மாகாணம் 1933 இல் அதற்கொரு சட்டம் செய்தது. 1936 இல் திருப்பூரில் பருத்திக்கென ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறக்கப்பெற்றது. எடைக்கல்லை ஆய்ந்து பார்க்கவும், ஏலத்தை வெளிப்படையாக நடத்தவும் அங்கு வழி பிறந்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியபோது, தரகனே இல்லாமல் காய்கறி விற்கலாம் என்பது கண்கூடாயிற்று.

இப்பொழுது அந்தத் துண்டை இணையம் விலக்கும் என்கின்றனர். கணினி கற்ற உழவர் பிள்ளைகள் பலர் தத்தம் வட்டாரத்திற்கு ஒரு வலைத்தளம் அமைக்க முனைந்து நிற்கின்றனர். நல்ல முயற்சி, வரவேற்கத்தக்கது. ஆயினும் அம்முயற்சிக்கு முன்னரே நடந்தவற்றைக் கற்காமல் கட்டப்பெறும் தளம், திறப்புவிழாவோடு நின்றுபோகும்.

நடுவணரசு 2016 ஏப்பிரல் 14 அன்று ‘இ-நாம்’ என்னும் மின்சந்தையைத் தொடங்கியது. அன்றைக்கு 8 மாநிலங்களில் 21 விற்பனைக்கூடங்கள் இணைந்தன. பின்னர் அவ்வெண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிற்று. கூடத்தின் வாயிலில் பதிவு, பின்னர்த் தர ஆய்வு, பின்னர்க் கணினி வழி ஏலம், இறுதியில் உழவனின் வங்கிக் கணக்கில் பணம் என்பது அதன் ஒழுங்கு. துண்டு உண்மையிலேயே விலகிற்று. ஆனால் ஈரோட்டு மஞ்சளைத் தொலைவிலுள்ள மாநிலத்து வணிகன் தன் கடையில் இருந்தபடியே கேட்பான் என்று காட்டப்பெற்ற கனவு சிறிதளவே நனவாயிற்று. வணிகத்தின் பெரும்பகுதி அந்தந்தக் கூடத்துக்குள், ஏற்கெனவே அங்கு வந்துகொண்டிருந்த வணிகர்களுக்குள்ளேயே நடந்தது.

கரணியம் எளிது. கண்ணால் காணாத பொருளுக்கு எவனும் விலை சொல்லான். மஞ்சளில் விரலி வேறு, கிழங்கு வேறு. இரண்டிற்கும் விலை வேறு. விரலியிலும் வேகவைத்த பக்குவம், மெருகு, ஈரம் என ஆய்வன பல. நெல்லுக்கு அரசுக் கொள்முதலில் ஈரம் 17 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது விதி. மழைக்காலத்தில் அந்த இரண்டு மூன்று விழுக்காட்டுக்காகவே உழவன் சாலையில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து நாள்கணக்கில் காவல் கிடக்கின்றான். ஆகலின், நம்பத்தக்க தர ஆய்வு இல்லாத வலைத்தளம் வெறும் விளம்பரப் பலகை என்க. பொருளின் படத்தைப் போட்டுவிட்டால் போதும் என்று இளைஞர்கள் எண்ணுகின்றனர். படத்தில் ஈரம் தெரியுமா?

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. தக்காளியைப் பறித்த உழவன் கைப்பேசியில் நான்கு ஊர் விலையைப் பார்க்கின்றான். 2018 முதல் தமிழ்நாட்டரசின் ‘உழவன்’ செயலியே சந்தை விலையைக் காட்டுகின்றது. பார்த்து என் செய்வது? நாளை விலை ஏறும் என்று தெரிந்தாலும் பழம் நாளைவரை பொறுக்காது. பொறுக்கக்கூடிய நெல்லுக்கும் கடலைக்கும் உழவன் பொறுக்கமாட்டான். ஏனெனில் விதைப்புக் காலத்தில் தரகு மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பான். அந்தப் பணம் வட்டியை மட்டுமா கேட்கும்? விளைச்சலைத் தன் மண்டிக்கே கொண்டுவா என்றும் கேட்கும். விலை தெரியாதவனை ஏய்த்தது பழைய துண்டு. விலை தெரிந்தும் காத்திருக்க முடியாதவனை எந்தத் திரை காக்கும்?

ஆகவே வலைத்தளத்தின் கடைக்கால் கணினியில் இல்லை, கிடங்கில் இருக்கின்றது. 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற கிடங்குகளில் விளைபொருளை வைத்து, அங்குத் தரப்பெறும் சீட்டை ஈடாகக் காட்டி வங்கியில் கடன் பெறலாம். அக்கடன் கைக்கு வந்தால் மண்டிக்காரரின் முன்பணத்தைத் தீர்க்கலாம். பொருளும் விலைக்குக் காத்திருக்கும். வலைத்தளம் கட்டும் பிள்ளைகள் முதலில் தம் வட்டாரத்தில் அத்தகைய கிடங்கு எங்குள்ளது, அதில் ஓர் ஏக்கர்க்காரனின் இருபது மூட்டைக்கு இடம் தருவார்களா என்று கேட்டறிதல் வேண்டும்.

மூட்டை என்றதும் இன்னொன்று. தஞ்சைப் பக்கம் மூட்டை என்றால் 60 கிலோ; ஆரணிப் பக்கம் 75 கிலோ; அரசுக் கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. ‘மூட்டை ஆயிரத்து ஐந்நூறு’ என்று தளத்தில் ஒருவன் எழுதினால் எந்த மூட்டை? இங்கேயே சண்டை தொடங்கிவிடும். விலையைக் கிலோவில் எழுதி, அவ்வூர் மூட்டையையும் அருகே குறித்தல் வேண்டும். பெயர்களும் அவ்வாறே. விரலியைப் ‘பிங்கர்’ என்றும், கிழங்கைப் ‘பல்பு’ என்றும் எழுதிவைத்த தளத்தில், மஞ்சளோடே முடி நரைத்த உழவன் தன் பொருளைத் தேடித் திகைப்பான். பிறர் துணையை நாடுவான். அந்தத் துணை புதிய தரகனாக உருவெடுக்கும்.

பெருவணிகத்தை விட்டுச் சிறியதில் தொடங்குவதே அறிவுடைமை. காவிரிப் படுகையை எண்ணிப் பாருங்கள். கார்த்திகை அடைமழையில் ஓர் ஊரின் நட்ட பயிர் மூழ்கி அழுகுகின்றது. பத்துக் கல் தொலைவில் மேட்டுப்பாங்கான ஊரில், நட்டது போக எஞ்சிய நாற்று நாற்றங்காலிலேயே முற்றிக்கொண்டிருக்கின்றது. அங்கே மிகை, இங்கே தவிப்பு. நடுவில் செய்தி இல்லை. தேநீர்க் கடையில் காதில் விழுந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. நான்கைந்து நாள் கடந்தால் அந்நாற்று எவருக்கும் உதவாது. இங்கே கிடங்கு வேண்டா, வங்கி வேண்டா, வாங்குவோன் வண்டியோடு வந்து கண்ணால் பார்த்தே எடுத்துச் செல்வான். விரைந்த செய்தி ஒன்றே வேண்டும். அதனை இணையம்போல் தரவல்லது பிறிதில்லை. வைக்கோல், எஞ்சிய விதை, சும்மா நிற்கும் அறுவடைப் பொறி ஆகியனவும் இவ்வகையினவே.

ஆனால் அச்செய்தி முழுமையாக இருத்தல் வேண்டும். ‘நாற்று உள்ளது’ என்ற இரு சொற்கள் கேடு விளைக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி சனவரி 28 இல் மூடப்பெறும். பொன்மணி போன்ற 155 நாள் நெல்லின் 30 நாள் நாற்றை நவம்பர் நடுவில் நட்டால், கதிர் முற்ற மார்ச்சு நடுவாகும். ஆற்றுநீரை நம்பியவன் கடைசித் தண்ணீருக்கு எங்கே போவான்? எனவே என்ன நெல், எத்தனை நாள் நாற்று, எத்தனை முடி, எந்த ஊர், வயல்வரை வண்டி போகுமா, பறிகூலி யாருடையது என ஆறு கேள்விகளையும் தளம் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஏழாவதாக ஒன்று: நாற்று தீர்ந்தவுடன் ‘தீர்ந்தது’ என்று அழிக்கும் பொறுப்பை ஊரில் ஒருவர் ஏற்றல் வேண்டும். இல்லாத நாற்றுக்கு வண்டி அமர்த்திப் போய் வெறுங்கையோடு திரும்பியவன், அந்தத் தளத்தை மறுமுறை திறக்கமாட்டான்.