ஆங்கில இலக்கணமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர் பெருமக்கள் அமர்ந்துள்ள அவையில் இலக்கணம் பேச எமக்கென்ன தகுதி என்று கேட்கலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலம் கழிப்பவர் நாம். எனினும் நாள்தோறும் ஆங்கிலக் கடிதம் எழுதிப் பிழைப்பவர்க்கு அம்மொழியின் வளைவு நெளிவுகள் ஓரளவு தெரியவரும். அந்தத் துணிவிலேதான் பேசுகின்றோம்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இம்மாநிலத்துப் பள்ளிகளில் மராத்தியும் கட்டாயம். ஒரே பொருளுக்கு ஆங்கில வகுப்பில் ‘நவுன்’ என்று பெயர். மராத்தி வகுப்பில் ‘நாம்’ என்று பெயர். (இந்த ‘நாம்’ நம்மைக் குறிப்பதன்று!) தமிழில் அது பெயர்ச்சொல். இவை மூன்றும் ஒன்றே என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்வார் பெரும்பாலும் இல்லை. கிராமர் வரவில்லை என்று பையன் புத்தகத்தை மூடுகிறான். எனக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று தாய் ஒதுங்குகிறாள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறிய பிள்ளை பல வீடுகளில் மறுமுறை தேர்வு எழுதுவதில்லை, வேலைக்குப் போய்விடுகிறான். திருநெல்வேலிச் சீமையில் ஏழெட்டு வகுப்புப் படித்து வந்த அத்தாய்க்கோ பெயரும் வினையும், உவமையும் உருவகமும் நன்றாகவே தெரியும்.

நம் நன்னூலார் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தார். ஆங்கிலப் பள்ளி நூல்கள் எட்டாக வகுக்கின்றன. நம் பிள்ளைகள் கையில் புரளும் ரென் - மார்ட்டின் இலக்கணத்திலும் எட்டே. அந்த ரென் என்பவர் பழைய பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவர்; ‘போ ஜெஸ்ட்’ என்ற நாவலை 1924இல் வெளியிட்டவரும் அவரே.

எட்டில் நம் பிள்ளைகளை அதிகம் இடறச் செய்வது ‘ப்ரெபொசிஷன்’. ‘சென்னைக்கு’ என்னும்போது ‘கு’ உருபு பெயரின் பின்னே ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘டு’ தனிச் சொல்லாகப் பெயரின் முன்னே நிற்கிறது. வேற்றுமை உருபு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் பாதி அச்சம் தீரும்.

அடுத்தது காலம். தாதர் நிலையத்தில் மூச்சிரைக்க ஓடி வருபவரிடம் ‘வண்டி புறப்பட்டது’ என்று நாம் சொல்வதில்லை, ‘புறப்பட்டுவிட்டது’ என்போம். ‘தி ட்ரெய்ன் ஹேஸ் லெஃப்ட்’ என்பதும் அதுவே. நடந்து முடிந்த செயலின் விளைவு இப்போது நம் முன் நிற்கிறது. அதற்கே ‘ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட்’ என்று பெயர். ஓர் எச்சரிக்கை. ‘நேற்று வந்திருக்கிறார்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ வந்தால் ‘ஹேஸ்’ வரலாகாது. நம்மவர் மதிப்பெண் இழக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று.

‘பாசிவ் வாய்ஸ்’ என்பது செயப்பாட்டுவினை. அதன் பெருமையை அலுவலகத்தார் அறிவர். ‘இட் ஹேஸ் பீன் டிசைடட்’ என்று கடிதம் வரும். முடிவு செய்தவர் யார் என்று ஆண்டு முழுதும் தேடினாலும் கிடைக்கமாட்டார்!

இனி அணிகள். ‘லைக்’, ‘ஆஸ்’ என்னும் சொற்கள் வந்தால் ‘சிமிலி’. அவை நம் ‘போல’ என்னும் உவம உருபுக்கு நிகர். ‘மெட்டஃபர்’ என்பது உருவகம். இதை விளக்கத் தமிழைப் போல் எளிய கருவி வேறில்லை. ‘மலரடி’ என்றால் மலர் போன்ற அடி, உவமை. சொற்களை முன்பின்னாக மாற்றி ‘அடிமலர்’ என்றால் அடியே மலர், உருவகம்.

‘ரைம்’ என்பதை எதுகை என்று சில குறிப்பேடுகளில் காண்கிறோம். அது பொருந்தாது. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும். அடியின் இறுதியில் ஓசை ஒன்றுவது இயைபு. ‘ரைம்’ அதற்கே நெருக்கம். ‘அல்லிட்டரேஷன்’ மோனைக்கு அண்மையது.

‘ஐரனி’ என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு ஔவையார் கதையைச் சொல்லுங்கள். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் உள்ளது அது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். இவை நெய் பூசி, மாலை சூட்டி, காவல் மிக்க மனையில் அழகாக இருக்கின்றன; எம் தலைவன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். அவர் புகழ்ந்தாரா, பழித்தாரா? பதிலைப் பிள்ளையே சொல்லட்டும்.