ஒரே செம்பனை, இரண்டு மண்



சிலாங்கூரில், கெர்லிங்கிலிருந்து களும்பாங் போகும் பழைய சாலையில் செம்பனைக்குக் குறைவில்லை. பருவநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால் அந்த மரங்களைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு: "கார்பன் டை ஆக்சைடு மரத்துக்கு உணவுதானே? இத்தனை மரம் அதைத் தின்று வளருதே, அப்புறம் என்ன கெடுதல்?" செம்பனை எண்ணெய் பற்றி ஐரோப்பாவோடு வாதாடும்போது செம்பனைத் தொழில்துறையினரும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். நியாயமான கேள்வி. பாதி பதிலோடு விட்டுவிடக்கூடாத கேள்வியும்கூட.

நம் பிள்ளைகள் பள்ளியில் கரிவளி என்று படிக்கும் இந்த வாயு, காற்றில் பத்து லட்சம் பங்கில் 420 பங்கைச் சற்றே தாண்டும். இவ்வளவு சொற்பமானது உலகத்தையே சூடாக்குமா என்று சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் காற்றில் மிகுந்திருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தரையிலிருந்து மேலே போகும் வெப்பக்கதிரைப் பிடித்து வைப்பதில்லை. நீராவியும் கரிவளியும் பிடிக்கின்றன. 1859-இல் ஜான் டின்டால் இதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். 1896-இல் ஸ்வீடனின் அர்ரீனியஸ், கரிவளி இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கே போட்டார். மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பரவுவதற்கு முன்பே எழுதப்பட்ட இயற்பியல் இது. இன்றைய அரசியலுக்காக யாரும் கிளப்பிவிட்ட கதையல்ல.

ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் 1958-இல் சார்ல்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரிவளி பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்தது. அதன்பின் ஏறியது எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயம் உண்டு. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் கதிரியக்கக் கார்பன் இருப்பதில்லை. அவற்றை எரிக்க எரிக்க, காற்றில் உள்ள கரிவளியில் அந்தக் கார்பனின் விகிதம் குறைகிறது. அப்படிக் குறைவதை அளந்தே பார்த்துவிட்டார்கள்.

சரி, நம் செம்பனை தின்பது பொய்யா? பொய்யில்லை. நன்றாகவே தின்கிறது. ஆனால் வெட்டிப்போட்ட மட்டை மக்கி, கரிவளி காற்றுக்கே திரும்புகிறது. குலை ஆலைக்குப் போகிறது. பிழிந்த எண்ணெய் வயிற்றிலோ இயந்திரத்திலோ எரிந்து அதுவும் திரும்புகிறது. தண்டில் தங்குவதும் இருபத்தைந்து ஆண்டுகளில் மறுநடவுக்காகச் சாய்க்கப்படுகிறது. மாதச் சம்பளம் கைக்கு வந்து போவது ஒன்று, இ.பி.எப். ஓய்வுக்காலச் சேமிப்பு இன்னொன்று. செம்பனையில் வரவு அதிகம், சேமிப்பு குறைவு. மழைக்காடு ஒரு ஹெக்டரில் சேர்த்து வைக்கும் கார்பனில் ஒரு சிறு பங்கைத்தான் தோட்டம் வைத்திருக்கிறது.

இனி மண்ணைப் பார்ப்போம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கெர்லிங் மலையடிவாரம். இங்கே மண் கெட்டியானது. காட்டை அழித்த இழப்பு முன்னோர் காலத்திலேயே, பால்மரம் (ரப்பர்) நட்டபோதே நடந்து முடிந்தது. மேற்கே கோலசிலாங்கூர் பக்கம் இறங்கினால் கதை மாறுகிறது. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட தென்னமாரம் தோட்டம் அந்த வட்டாரத்தில்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், இருக்கிறது. அதையும் தாண்டினால் ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகள். அங்கே தரை என்பது மலாயில் காம்புட் என்கிறார்களே, அந்தக் கரிச்சதுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விழுந்த மரமும் இலையும் நீருக்குள் மூழ்கியதால் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஒரு மீட்டர் ஆழக் கரிச்சதுப்பே, அதன்மேல் நிற்கும் காட்டைவிட அதிகக் கார்பனைப் பூட்டி வைத்திருக்கும்.

அந்தப் பூட்டு தண்ணீர்தான். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் காற்று உள்ளே புகுகிறது, நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன, தரை ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் தாழ்கிறது. வடித்த கரிச்சதுப்பில் செம்பனை நட்டால், ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டன் கரிவளி மண்ணிலிருந்து கிளம்பும் என்பது ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2013 மதிப்பீடு. மேலே நிற்கும் மரம் தண்டில் சேர்ப்பது இதற்கு ஈடாகவே ஆகாது. கண்ணுக்குத் தெரிவது பச்சை மரம். அது தண்டில் சேர்த்து வைப்பதைவிடப் பல மடங்கு அதன் காலடியிலிருந்து வெளியேறுகிறது. "மரம் தின்கிறதே" என்ற வாதம் காம்புட் மண்ணில் நிற்காது.

வடிந்த கரிச்சதுப்பு தீப்பிடித்தால் நிலத்துக்குள்ளேயே புகைந்து எரியும். மேலே தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்க முடியாது. 2005 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரகாலம் அறிவித்தார்களே, நினைவிருக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டிய நாள் அது. அந்தப் புகையில் பெரும்பகுதி சுமத்ராவில் எரிந்த காட்டிலிருந்தும் கரிச்சதுப்பிலிருந்தும் வந்தது. ராஜா மூசாவிலும் வறட்சிக் காலத்தில் தீ பிடித்திருக்கிறது. மரம் இழுக்க வெட்டிய பழைய கால்வாய்கள் தண்ணீரை வடித்துவிட்டதே முக்கியக் காரணம். 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகளாவிய சுற்றுச்சூழல் மையமும் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு, கால்வாய்களை அடைத்து மாஹாங் போன்ற மரங்களை நட்டு வருகின்றன. தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்குத் தண்ணீர் கொடுப்பதிலும் அந்தச் சதுப்புக்குப் பங்குண்டு.

புதிதாகக் கரிச்சதுப்பில் செம்பனை நடுவதில்லை என்று மலேசிய அரசு 2019-இல் அறிவித்தது. நல்ல முடிவு. மிச்சம் இருப்பது ஏற்கெனவே நட்ட நிலம். நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழ் 40 முதல் 60 சென்டிமீட்டரில் நிறுத்தினாலே மண் கரைவது குறையும். மறுநடவு வரும்போது, இந்த நிலத்தை இன்னும் எத்தனை ஆண்டு வடிக்க முடியும் என்று தோட்ட நிர்வாகம் கணக்குப் பார்க்க வேண்டும். முடியாது என்றால் சதுப்புக்கே திருப்பித் தரவேண்டும். அப்படித் தரும் நாளில், குலை வெட்டியும் உதிரிப்பழம் பொறுக்கியும் பிழைத்த குடும்பங்களுக்கு வீடும் வேலையும் எங்கே என்பதை அதே மேசையில் வைத்துப் பேச வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் போய் வீடமைப்பு வந்தபோதும் நம்மவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்தத் தடவை முன்கூட்டியே கேட்கட்டும்.